அப்பா அவிழ்த்து வந்த பேனர்

அப்பாவின் மொபெட் வழக்கமாக வேலிப்படலைத் தாண்டி நேராக வாசலுக்கு வந்துதான் நிற்கும். அன்று படலிலேயே மாட்டிக்கொண்டது. வண்டியின் பின்னால் குறுக்காக ஒரு நீளச் சுருளைக் கட்டியிருந்தார். அது இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு, கிளுவை முள்ளில் சிக்கி, வண்டியையே ஒரு பக்கமாகச் சாய்த்தது.

நானும் தங்கை நித்யாவும் வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு இரண்டு புளியமரம் உண்டு. மாசி மாதத்தில் ஏரியூர்ப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் கொட்டை தட்டும் சத்தம்தான் கேட்கும். அம்மா குடகுக்குக் காப்பிப் பழம் பறிக்கப் போயிருந்தாள். நான் ஓசூர் கம்பெனியிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்திருந்தேன்.

"யாரும் கிட்ட வராதீங்க. புளிக்கையோட தொட்டா கறையாயிரும்" என்றார் அப்பா.

சுருளை அவிழ்த்து வாசலில் விரித்து, நான்கு மூலைக்கும் கல் வைத்தார். புது பேனருக்கு ஒரு நெடி உண்டு. மையும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து வெயிலில் வெந்தது போன்ற நெடி. அது குப்பென்று கிளம்பியதும் ஆட்டுக்குட்டி ஒன்று தும்மியது.

பேனரில் ஆறு ஜோடி முகங்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு இளவயதுக்காரர், பக்கத்தில் அவருடைய அப்பா அல்லது அம்மா. மேல் வரிசையில் இரண்டாவதாக நான். முறம் அகலத்துக்கு என் முகம். எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, தோழியிடம் இரவல் வாங்கிய பாசிமணி. பக்கத்தில் அப்பா, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

மேலே சிவப்பு நிறத்தில், கொட்டை எழுத்தில் இப்படி இருந்தது: 'கல்விக் கடன் வாங்கித் திருப்பிச் செலுத்தாதவர்கள்.'

நான் அப்பாவைப் பார்த்தேன். மனிதர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி?" என்றார்.

அக்கரைப் படிப்பு

அப்பாவை எழுத்தறியாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவருடைய வீட்டுப்பேச்சு கன்னடம். காவிரிக்கு அந்தப் பக்கம், கொள்ளேகால் அருகே மாமன் வீட்டில் வளர்ந்தவர். அங்கே நாலாம் வகுப்பு வரை கன்னடம் படித்தார். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் காலத்தில் பஸ் போர்டைப் படித்து, எங்கள் ஊர் ஆட்களையெல்லாம் சரியான வண்டியில் ஏற்றிவிடுவது அவர்தான். அங்கே அவர் படித்தவர். ஆற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டால் தமிழ் எழுத்து அவருக்கு வெறும் கோலம்.

எண்களில் மட்டும் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. பஸ் நம்பர், ரேஷன் கடைத் தராசு, புளி மண்டிக்காரர் எழுதும் கணக்கு, எதுவானாலும் ஒரு பார்வையில் பிடித்துவிடுவார்.

என் கல்விக் கடன் பத்திரத்தில் அவர் கன்னடத்தில்தான் கையெழுத்துப் போட்டார். வங்கியில் இருந்தவர் பார்த்துவிட்டு, "என்னங்க, ஜாங்கிரி சுத்திட்டீங்க?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். எத்தனை பக்கம் கேட்டார்களோ அத்தனை பக்கத்திலும் ஜாங்கிரி சுற்றிக் கொடுத்துவிட்டு வந்தார்.

பேனருக்கு இரண்டு ஆயுள்

எங்கள் மாவட்டத்தில் பேனர் இல்லாமல் எதுவும் நடக்காது. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கருமாதி, கபடிப் போட்டி, எல்லாவற்றுக்கும் பேனர். விழா முடிந்ததும் அதற்கு இரண்டாவது ஆயுள் தொடங்கும். உரியவர்கள் அவிழ்த்துக்கொண்டு போய் ஆட்டுக்கொட்டாய்க்குக் கூரை போடுவார்கள், புளி காயப் போடுவார்கள், குளிக்கும் இடத்துக்கு மறைப்பு கட்டுவார்கள். மறைப்பு கட்டும்போது மட்டும் முகம் இருக்கும் பக்கம் வெளியே பார்த்தபடி இருக்க வேண்டும் என்பாள் அம்மா. உள்ளே இருந்தால் வேட்பாளர் கும்பிட்டபடி நம்மையே பார்த்துக்கொண்டிருப்பாராம். எங்கள் ஊர் ஆடுகளுக்குத் தெரியாத தலைவர் கிடையாது.

கல்விக் கடன் கொடுத்தபோதும் ஒரு பேனர் இருந்தது. தர்மபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா எடுத்துத்தான் கொடுத்தார்கள். நாதஸ்வரம் ஒன்றுதான் இல்லை. ஒரு ஆள் உயரத்துக்கு அட்டையில் காசோலை செய்து, அதை நாங்களும் பெரிய அதிகாரிகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றோம். பின்னால் பேனர். அதில் எங்கள் படங்கள், பக்கத்தில் பெற்றோர் படங்கள். 'கல்விக் கடன் பெறும் மாணவச் செல்வங்களை வாழ்த்துகிறோம்' என்று மேலே எழுதியிருந்தது. அந்த வாழ்த்தும் சிவப்பு எழுத்தில்தான்.

விழா முடிந்து சாப்பாடு போட்டார்கள். எல்லோரும் பந்திக்கு ஓடியபோது அப்பா மட்டும் மேடைக்குப் போய், கேட்டு வாங்கி, அந்த பேனரைச் சுருட்டிக்கொண்டு வந்தார். அது எங்கள் ஆட்டுக்கொட்டாயின் மேல் ஏறியது. நான் கல்லூரி போய்த் திரும்பிய ஒவ்வொரு லீவிலும் வெயிலில் வெளுத்துக்கொண்டே வந்தது. நான் கடைசி வருடம் படிக்கும்போது என் மூக்கும் அப்பாவின் நெற்றியும்தான் மிச்சம் இருந்தன. அதற்கடுத்த ஐப்பசி மழையில் அதுவும் கிழிந்துபோனது.

இப்போது புரிந்திருக்கும். அதே வங்கி, அதே சிவப்பு, ஸ்டூடியோவில் எடுத்த அதே படங்கள். இந்த முறை பென்னாகரம் கிளை வாசலில் கட்டியிருந்தார்கள். பழையது கிழிந்துபோனதால் புதிதாகப் போட்டிருக்கிறார்கள் என்று அப்பா நினைத்துக்கொண்டார்.

தள்ளுபடி வரும்

'வாங்கின கடனைக் கட்டாமல் விட்டுவிட்டு அதைப் பற்றித் தொடர் வேறு எழுதுகிறீர்களா?' என்று இந்தத் தொடரின் சென்ற பகுதியைப் படித்த ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். கோபம் வந்தது, ஆனாலும் பதில் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்து முடித்த கல்லூரியில் வேலை வாங்கித் தருவதாகச் சொன்னார்கள். கடைசி வருடம் ஒரு கம்பெனி வந்தது. எழுதச் சொன்னார்கள், பேசச் சொன்னார்கள், கை குலுக்கிவிட்டுப் போனார்கள். அதன்பிறகு அவர்களிடமிருந்து தகவல் இல்லை. ஒரு வருடம் வீட்டிலிருந்தேன். பி.இ. படித்துவிட்டுப் புளி தட்டினேன். பிறகு ஓசூரில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்ந்தேன். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தது போகக் கையில் வந்த சம்பளத்தை நேராக வங்கியில் போட்டாலும் தவணைக்குப் பற்றாது. வட்டி மட்டும் ஆடி, ஐப்பசி பார்க்காமல் வளர்ந்தது.

அந்த நேரத்தில் தேர்தல் வந்தது. மேடைக்கு மேடை கல்விக் கடன் தள்ளுபடி என்றார்கள். அவ்வளவுதான், ஊரில் கட்டிக்கொண்டிருந்தவர்களும் நிறுத்திவிட்டார்கள். காட்டுக்குள் கட்டிய வீட்டையும் நாங்கள் கொட்டாய் என்றுதான் சொல்வோம். எங்களுக்குப் பக்கத்துக் கொட்டாயில் முருகேசன் என்று ஒரு பையன். என்னோடு அதே மேடையில் அட்டைக் காசோலை பிடித்தவன். கோயம்புத்தூரில் பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை பார்த்துக்கொண்டு, மாதம் தவறாமல் கொஞ்சமாவது கட்டிவந்தான். "டேய், பேங்க்குக்கு மருமவனாடா நீ? தள்ளுபடி வரப்போவுது, போய் போய் கொட்டிக்கிட்டு இருக்கற" என்று அவனைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. கேலி தாங்காமல் அவனும் நிறுத்தினான்.

எங்கள் கடனுக்குத் தள்ளுபடி வரவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர் சொசைட்டியில் அடகு வைத்திருந்த நகைக்குத்தான் வந்தது. தோடும் சங்கிலியும் வீடு திரும்பியதை அப்பா கண்ணால் பார்த்தார். அவர்களுக்குப் போனால் நமக்கும் போயிற்று என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார்.

"ஆய்த்து. போச்சு சனியன்" என்றார். ஆய்த்து என்றால் கன்னடத்தில் முடிந்தது என்று பொருள்.

வங்கியிலிருந்து வரும் தபால்களை நித்யா வாங்கி அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகிவிடுவாள். வசூல் ஏஜென்ட்கள் எனக்குத்தான் போன் செய்வார்கள். என்னைப் பிடிக்க முடியாவிட்டால் கம்பெனி சூப்பர்வைசருக்குச் செய்வார்கள். அப்பா நிம்மதியாக இருந்தார். அந்த நிம்மதியைக் கெடுக்க எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.

முருகேசன் ஒரு ஆடிப்பண்டிகைக்கு ஊர் வரும்போது தொப்பூர்க் கணவாயில் லாரி மோதிச் செத்துப்போனான். பைக்கில் தங்கச்சிக்கு வாங்கிய சுடிதார் இருந்ததாகச் சொன்னார்கள்.

லட்டு

வாசலில் விரித்துக் கிடந்த பேனருக்கு வருகிறேன்.

"காலைல தீவனம் வாங்க பென்னாகரம் போனேன்" என்று அப்பா கதையைத் தொடங்கினார். "பேங்க்கு வாசல்ல நம்ம மூஞ்சி! எனக்கு கையும் ஓடல, காலும் ஓடல. எதுத்தாப்புல டீக்கடைல நம்மூரு ஆளுங்கதான் உக்காந்திருந்தாங்க. 'பாத்தீங்களாடா, எம்புள்ளைய இன்னும் மறக்காம வெச்சிருக்காங்க'ன்னு சொன்னேன். ஒருத்தனும் வாயத் தெறக்கல. பொறாமதான், வேற என்ன?"

"அப்புறம்?" என்று கேட்டது நித்யா.

"அப்புறம் என்ன, ஸ்வீட் கடைக்குப் போயி லட்டு வாங்கியாந்து ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன். வாங்கி வாயில போட்டுக்கிட்டு, குனிஞ்ச தல நிமிரல ஒருத்தனும். எங்கூட பெங்களூரு வேலைக்கு வருவானே மாதவன், அவன் மட்டும் எந்திரிச்சி வந்து எங்கையப் புடிச்சிக்கிட்டான். என்னமோ சொல்ல வந்தான், சொல்லல. வாச்மேன்கிட்ட போயி, விழா முடிஞ்சா அவுத்துக்கறேன்னு கேட்டேன். அந்தாளு என்னப் பாக்கறாரு, பேனரப் பாக்கறாரு. அப்புறம் உள்ள போயி கத்திரி எடுத்தாந்து அவரே கயித்த வெட்டிக் குடுத்துட்டாரு. டீக்குக் காசு குடுத்தா வேணாம்னுட்டாரு. தங்கமான மனுசன்."

யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. படம் போட்டவர்கள் மேலா, லட்டு தின்றவர்கள் மேலா, கயிற்றை வெட்டிக் கொடுத்த வாச்மேன் மேலா? அவரும்தான் வேறு என்ன செய்திருக்க முடியும்?

அப்பா குனிந்து கீழ் வரிசையைக் காட்டினார். அங்கே முருகேசன் இருந்தான். பக்கத்தில் அவன் அம்மா.

"இதப் பாரு. செத்துப்போன புள்ளையக் கூட மறக்காம போட்டிருக்காங்க. இந்தக் காலத்துல யாரு செய்வாங்க? சாயந்திரம் அவங்க அம்மாவக் கூட்டியாந்து காட்டணும்."

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார். "மேல என்ன எழுதியிருக்குது? படி, கேப்போம்."

நான் குனிந்து சிதறிக் கிடந்த புளியங்கொட்டையைப் பொறுக்கத் தொடங்கினேன்.

நித்யா படித்தாள். புளிக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று, பள்ளிக்கூடத்தில் செய்தி வாசிப்பது போல, ஒரு தடங்கல் இல்லாமல் படித்தாள்.

"எங்கள் பகுதிக்குப் பெருமை சேர்த்த பட்டதாரிகளையும், அவர்களைப் பெற்றெடுத்த நல்லுள்ளங்களையும் வாழ்த்தி மகிழ்கிறோம்."

அதில் ஒரு வார்த்தை கூட பேனரில் இல்லை. ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தாள். முருகேசனிடம் வந்ததும் ஒரு நொடி நின்று, "மறைந்தும் மறையாத முருகேசன்" என்றாள். அவளுக்கு அப்போது பிளஸ் டூ பரீட்சைக்குச் சில நாட்கள்தான் இருந்தன. நர்சிங் படிக்க வேண்டும் என்று எட்டாவதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள்.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

"அடுத்தது ஒன்னுதுதான் சின்ன பாப்பா. பரீட்ச முடியட்டும், அதே பேங்க்குல நர்சு படிப்புக்கு எழுதிக் குடுக்கலாம். ஒனக்கும் இதே மாதிரி ஒரு பேனரு வெக்கணும்."

நித்யா தலையாட்டினாள். கடன் பாக்கி இருக்கும் வீட்டுக்கு எந்த வங்கியும் இன்னொரு கல்விக் கடன் கொடுக்காது என்று அவளுக்குத் தெரியும். அரிசி டிரம்முக்குப் பின்னால் செருகிய தபால்களைப் படித்தவளே அவள்தான்.

ரெண்டு எம்பது

அதோடு முடிந்திருக்கும். அப்பா சுருட்டுவதற்காகக் கல்லை எடுக்கக் குனிந்தார். குனிந்தவருடைய கண் என் படத்துக்குக் கீழே போனது. அங்கே எண்ணால் எழுதியிருந்தது: ரூ. 5,12,000.

விரலை வைத்து ஒரு தடவை ஓட்டினார்.

"இது பணந்தான?"

"ஆமாப்பா" என்றாள் நித்யா.

"நாம வாங்குனது ரெண்டு எம்பது. இதுல அஞ்சு பன்னெண்டுன்னு இருக்குது."

நித்யா கெட்டிக்காரி. ஆனால் அவளும் அப்போது குழந்தைதானே. யோசிக்காமல், "அது வட்டியோட சேத்துப்பா" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னதும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். வட்டி என்ற வார்த்தைக்கு எந்த மொழியும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கொடுத்தவன்தான் வட்டியைக் கூட்டி எழுதுவான், அதுவும் வராத பணத்துக்குத்தான் எழுதுவான் என்று புளி மண்டியில் வரவு செலவு செய்பவருக்குச் சொல்லித் தர வேண்டுமா?

முட்டி போட்டு உட்கார்ந்து மற்ற படங்களுக்குக் கீழே இருந்த எண்களையும் படித்தார். வாய்க்குள்ளேயே படித்தார். முருகேசனிடம் வந்து நின்றார்.

"இவனுக்குமா?" என்றார். "செத்தவனுக்குமா வட்டி போடறாங்க?"

"அப்பா, நான் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். இன்னும் கொஞ்ச நாளு..." என்று நான் எதையோ உளறினேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப லட்டு எதுக்குத் தின்னானுங்க?"

நித்யா அழத் தொடங்கினாள்.

"அவனுங்க எல்லாம் படிச்சவனுங்க. தெரிஞ்சிதான் தின்னானுங்களா?"

அன்றைக்குப் பிறகு அப்பா அந்த டீக்கடைக்குப் போகவில்லை. தீவனம் வாங்க பாப்பாரப்பட்டி வரைக்கும் சுற்றிக்கொண்டு போனார். முருகேசனின் அம்மா எதிரே வந்தால் வண்டியை வேறு பக்கம் திருப்பினார். பேனரை என்ன செய்வதென்று யாரும் பேசவில்லை. மறுநாள் காலை பார்த்தால் நித்யா அதைக் குப்புறப் போட்டு, வெள்ளைப் பக்கத்தில் புளியைப் பரப்பிக் காயவைத்திருந்தாள். நன்றாகத்தான் காய்ந்தது.

நேர் வழி

பரீட்சை முடிந்த வாரமே நித்யா ஓசூருக்கு வந்துவிட்டாள். பதினெட்டு முடிந்திருந்தது. அவளையும் என் கம்பெனியிலேயே, என் லைனுக்கு அடுத்த லைனில் போட்டார்கள்.

அரசாங்கக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்குமே, கலந்தாய்வுக்குப் போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். விடுதியின் தண்ணீர்க் குழாய் வரிசையில் நின்று ஒரு நாள் அவளோடு பெரிய சண்டையே போட்டேன்.

"எடம் கெடைக்கும்க்கா. கெடைக்காதுன்னு யாரு சொன்னா? அம்மாவோட நூறு நாள் வேலைக் காசக் கூட இந்தக் கடனுக்காக பேங்க்குல புடிச்சி வெச்சிருக்காங்க. நான் நாலு வருசம் போயி உக்காந்துட்டா அந்தக் கடன யாரு அடைக்கறது?"

"அது என்னோட கடன்டீ."

"அதுல அப்பா கையெழுத்து இருக்குது" என்றாள். பிறகு குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "நீ நாலு வருசம் படிச்சி, கடன வாங்கி, சுத்திக்கிட்டு வந்து சேந்த எடம் இதுதான? நான் நேரா வந்துட்டேன். அவ்ளோதான்."

இரண்டு பேரும் ஒரே மாதிரி சர்க்யூட் தகட்டைத்தான் சோதித்து அனுப்புகிறோம். சம்பளமும் ஒன்றுதான்.

வைகாசியில் ரிசல்ட் வந்தது. சாப்பாட்டு இடைவேளையில் லாக்கரிலிருந்து போனை எடுத்துப் பார்த்தாள். அறுநூறுக்கு ஐந்நூற்று அறுபத்தொன்று. பள்ளியிலேயே முதல். நான் கத்தியே விட்டேன். பக்கத்து மேசைப் பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் போனை அணைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"அப்பாகிட்ட மார்க்கு சொல்லாத. கேட்டா பாஸுன்னு மட்டும் சொல்லு. தெரிஞ்சா மறுபடியும் பேங்க்குக்குக் கெளம்பிருவாரு. அங்க போயி அவமானப்படணுமா?"

நான் அப்படியே சொன்னேன். "பாஸுப்பா" என்றேன். அப்பாவும் "சரி, நல்லது" என்றதோடு விட்டுவிட்டார். எப்போதும் ஒன்றுக்குப் பத்தாகக் கேள்வி கேட்கும் மனிதர் அன்றைக்கு வேறு எதுவும் கேட்கவில்லை.

அஞ்சு, ஆறு, ஒண்ணு

பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள் ஆகியிருக்கும். கேன்டீனில் எலுமிச்சை சாதம். நானும் நித்யாவும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அப்பாவிடமிருந்து போன் வந்தது. வேலை நாளில் அவர் கூப்பிடவே மாட்டார். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பயந்தேன். கேன்டீன் இரைச்சலில் எதுவும் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டு, மேசை நடுவில் வைத்தேன்.

"பாப்பா, சின்னவ பக்கத்துல இருக்கறாளா? இருந்தா தள்ளி வா" என்றார்.

நித்யா வாயில் விரல் வைத்து, இல்லை என்று சொல் என்று ஜாடை காட்டினாள்.

"இல்லப்பா, சொல்லு."

"சின்னவளும் வாங்கிட்டாளா?"

"எதப்பா?"

"மறைக்காத பாப்பா. வெடியால சொசைட்டிக்குப் பால் ஊத்தப் போனேன். ஏரியூரு பஸ் ஸ்டாப்புல இவ போட்டோவப் போட்டு பேனரு கட்டியிருக்காங்க. இவ மட்டுந்தான் இருக்கறா, எம்படம் இல்ல. யாருகிட்ட கேக்கறது? யாரும் வர்றதுக்கு முன்னால அவுத்து எடுத்துக்கிட்டு வந்துட்டேன். ஒருத்தரும் பாக்கல."

நானும் நித்யாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"படத்துக்குக் கீழ பெருசா போட்டிருக்காங்க. அஞ்சு, ஆறு, ஒண்ணு. இது ஆயிரமா பாப்பா, லட்சமா?"

நித்யா போனை எடுத்தாள்.

"மார்க்குப்பா."

"யாரு, சின்ன பாப்பாவா?"

"ஆமாப்பா. அது என்னோட மார்க்கு. நான்தான் ஸ்கூல்லயே ஃபஸ்டு. டீச்சருங்க வெச்சிருப்பாங்க."

அந்தப் பக்கம் ஆடு கத்துவது மட்டும் கேட்டது.

"நீ பொய்யி சொல்லுவ" என்றார் அப்பா. கோபமாகச் சொல்லவில்லை. "அன்னிக்கும் அப்பிடித்தான் படிச்ச. பெரியவகிட்ட குடு."

அவள் போனை என்னிடம் நீட்டினாள். மணி அடித்துவிட்டது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோய்விட்டாள். தட்டில் பாதி சாதம் அப்படியே இருந்தது.

"மார்க்குதாம்பா" என்றேன். "சத்தியமா மார்க்குதான். கடன் இல்ல."

பேனரைத் திரும்ப விரிக்கும் சத்தம் கேட்டது. கல் வைக்கும் சத்தம் கேட்டது. என் லைன் பெண்கள் எல்லோரும் போய்விட்டார்கள். சூப்பர்வைசர் வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நான் போனை வைக்கவில்லை.

அப்பா கேட்டார்.

"அப்ப இதுக்கு லட்டு குடுக்கலாமா பாப்பா?"